பெருஞ்சிலந்தியும் கொசுவர்த்தியும்

2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொதி ஒன்றைச் சுங்க அதிகாரிகள் பிரித்தபோது, சிறு பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் 107 சிலந்திகள் உயிருடன் இருந்தன. ‘டரண்டுலா’ எனப்படும் பெருஞ்சிலந்திகள் அவை. இறக்குமதி உரிமமும் நலச்சான்றும் இல்லாமையால் வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டன.

இவற்றை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் நம் கொடுங்கையூரிலும் இருக்கக்கூடும். அவர்கள் அறிய வேண்டியவை சில உள. தரைவாழ் இனத்துக்கு உயரமான கண்ணாடிப் பெட்டி ஆகாது. ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடும். ஆழமான மண், ஒளிய ஓரிடம், சிறு தட்டில் நீர் ஆகியன வேண்டும். தோலுரிக்கும் வேளையில் அது மல்லாந்து கிடக்கும். செத்ததென்று எண்ணித் தொடாதீர்கள். புதிய பற்கள் இறுகும் வரை இரையும் இடாதீர்கள். உயிருள்ள இரை அதன் மென்தோலைக் கடித்துவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. அந்தி சாய்ந்தால் கொசுவர்த்தி ஏற்றாத வீடு நம் பகுதியில் அரிது. அதிலுள்ள அல்லெத்திரின் போன்ற மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. சிலந்திக்கும் அவை நஞ்சே. சிலந்திக்காகக் குழந்தைகளைக் கொசுக்கடிக்கு விட்டுவிட முடியுமா? முடியாதெனில், அவ்வுயிரை வீட்டுக்குக் கொணராதிருப்பதே நாம் அதற்குச் செய்யும் நன்மை.