சுவர் இடிந்தால் சித்திரம் என்னாகும்?

சுவர் இருந்தாற்றான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல்நலம் பேணுதலை வற்புறுத்தவே இப்பழமொழி பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆயின், இக்காலத்தில் நம் வீடுதோறும் புகுந்துள்ள கருவியொன்றின் திறத்தில் இப்பழமொழி முழுதும் பொருந்துவதன்று. அக்கருவி மடிக்கணினி. அதன் சுவர் இடிந்து வீழ்ந்த பின்னரும் சித்திரம் அழியாது நிலைத்திருத்தல் கூடும். இவ்வுண்மையை அறியாமையால், அழியாதிருந்த சித்திரத்தைத் தம் கையாலேயே அழித்துவிட்டுக் கண்ணீர் வடிப்போர் பலர். ஆதலின் இவ்வாரம் இதுபற்றிச் சிறிது சிந்திப்போம்.

வன்னியில் வாழும் நமக்கு மின்சாரத்தோடுள்ள உறவு ஏனையோர்க்குள்ளது போன்றதன்று. 1990ஆம் ஆண்டினை அடுத்துவந்த ஏறத்தாழ இரு தசாப்த காலம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் தேசிய மின்வழங்கலின்றியே கிடந்தன. வானொலிக்கு இடும் சிறு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த அந்நாளிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 2009இற் போர் முடிந்த பின்னர் மின்கம்பிகள் வந்தன. அவற்றின் பின்னே கணினியும் வந்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. மாணவரின் ஆய்வுக் கட்டுரையும், ஆசிரியரின் பாடக் குறிப்பும், வீட்டாரின் ஒளிப்படமும், காணி உறுதியின் பிரதியும் இப்பொழுது இச்சிறு பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஆயினும் அப்பெட்டியை இயக்கும் மின்சாரம் நம்பத்தக்க தோழனாக இன்னும் ஆகவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்திலோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதுமே மின்சாரமின்றித் தவித்தது. மின்சாரம் போவதனால் விளையும் இடரினும், அது மீண்டு வரும் கணத்தில் அழுத்தம் திடீரென உயர்வதனால் விளையும் இடர் பெரிது. இதனோடு ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமின்னலையும், கோடையில் எழும் செம்மண் புழுதியையும் கூட்டிக்கொண்டால், நம் பகுதியில் மடிக்கணினிகள் திடீரெனக் கண்மூடுவதற்குக் காரணம் வேறு தேடவேண்டுவதில்லை.

முதலில் நோயறிதல்

கணினி ஒளிரவில்லையெனின், அஃது இறந்துவிட்டதென்று உடனே முடிவு கட்டுதல் தவறு. வைத்தியர் நாடி பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்து வருதல் வேண்டும்.

சார்ஜரைச் செருகியுள்ள அதே இடத்தில் மேசை விளக்கொன்றைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிடின் நோய் சுவரில் இருக்கிறது, கணினியில் இல்லை. விளக்கு எரிந்தால் அடுத்து ஐயுறவேண்டுவது சார்ஜரை. அதன் கம்பி மடியுமிடத்தில் அறுந்திருத்தல் மிகச் சாதாரணம். நண்பரொருவரின் சார்ஜரைக் கடன் வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் இரண்டிலும் பொறித்துள்ள வோல்ற்றளவு ஒன்றாயிருத்தல் வேண்டும். அம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைதல் ஆகாது.

சார்ஜர் நலமாயின், கணினியோடு இணைத்துள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள். சார்ஜரையும் நீக்குங்கள், பற்றரி கழற்றக்கூடியதாயின் அதனையும் கழற்றுங்கள். பின்னர் இயக்கும் பொத்தானை அரை நிமிட நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நின்று வழிமறிக்கும் மின்னூட்டம் இதனால் வடிந்துவிடும். அதன்பின் சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். பைசாச் செலவின்றி இவ்வொரு செய்கையாலேயே உயிர்த்தெழும் கணினிகள் பல.

இன்னுமொன்று. கணினி விழித்திருக்க, திரை மட்டும் உறங்குதலும் உண்டு. விசிறியின் ஓசை கேட்கின்றதா, விசைப்பலகையில் ‘கப்ஸ் லொக்’ விளக்கு எரிந்தணைகின்றதா என்று கவனியுங்கள். அறையை இருளாக்கி, ரோச் விளக்கைத் திரைமீது சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவந் தெரியுமாயின் பழுது திரையின் ஒளியமைப்பிலேதான். எச்.டி.எம்.ஐ. கம்பியினால் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால் கோப்புகள் யாவும் அங்கே காட்சி தரும், பிரதியெடுத்துக் கொள்ளலாம்.

செய்யத்தகாதன இரண்டு. கணினியின் அடிப்பாகம் வீங்கிப் புடைத்திருப்பின், உள்ளிருக்கும் லித்தியம் பற்றரி பழுதுற்றதென்று அறிக. அதனை அமுக்குதலும் குத்துதலும் மின்னேற்றுதலும் தீப்பற்றுதற்கு ஏதுவாகும். உடனே தக்காரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கணினிமேல் நீரோ தேநீரோ கொட்டியிருப்பின், ‘வேலை செய்கிறதா’ என்று இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். நீர் தானே கொல்வதினும், நீருள்ளபோது பாயும் மின்சாரமே சுற்றமைப்பை விரைவிற் கொல்கிறது. சார்ஜரை நீக்கி, கணினியை அணைத்து, கவிழ்த்து வைத்து, திறந்து உலர்த்தத் தெரிந்தவரிடம் கொண்டுசெல்லுதலே முறை. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கத்தாற் பயனில்லை. தூசு உட்புகுவதே மிச்சம்.

சித்திரம் இருக்குமிடம்

இவையனைத்துஞ் செய்தும் கணினி அசையவில்லையாயின் அதன் தாய்ப்பலகை பழுதுற்றிருக்கலாம். சுவர் இடிந்தது என்றே கொள்வோம். சித்திரம் எங்கே?

முற்காலத் திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் மணலிலும் எழுதினர், ஓலையிலும் எழுதினர். மணலெழுத்துக் கைபட்டால் அழியும், ஓலையெழுத்து நிற்கும். கணினியிலும் இவ்விரு வகை உண்டு. வேலை செய்யும்போது பயன்படும் தற்காலிக நினைவகம் மணல். மின்சாரம் நின்ற கணத்தில் அதிலுள்ளன மறையும். சேமித்து வைத்த கோப்புகள் இருக்குமிடம் வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம், அஃது ஓலை. வன்தட்டு காந்தத்தாலும், எஸ்.எஸ்.டி. நுண்ணறைகளில் அடைபட்ட மின்னூட்டத்தாலும் எழுத்தைக் காக்கின்றன. எழுத்தை வைத்திருத்தற்கு அவற்றுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தாய்ப்பலகை கருகியபோதும் அவை பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

என் மாணவியொருத்தியின் மடிக்கணினி இடிமுழக்கத்தோடு கூடிய ஒரு மாலைப் பொழுதில் அணைந்தது; மறுநாள் எழவில்லை. திருத்தகமொன்றிற் காட்டினாள். “எல்லாம் போய்விட்டது, தங்கச்சி, புதியது வாங்குவதே நல்லது” என்றார்களாம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை அதனுள்ளே இருந்தது. அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. “சேர், அப்பாவின் படம் அதற்குள்தான் இருக்கிறது” என்றாள். போரில் மறைந்த தந்தையாரின் ஒரேயொரு படத்தை, இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீன் உறையிலிட்டுத் தாயார் சுமந்து திரிந்திருக்கிறார். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்தபோது அப்படமும் நீரில் ஊறிக் கரைந்தது. அதற்குச் சில மாதங்களின் முன்பு அவள் எடுத்து வைத்த பிரதி அக்கணினியில் மட்டுமே எஞ்சியிருந்தது.

கணினி கற்பிக்கும் நண்பரொருவர் அதன் அடிமூடியைக் கழற்றி, உள்ளங்கையளவான வன்தட்டை வெளியே எடுத்தார். அதற்கென விற்கப்படும் சிறு உறையொன்றிற் பொருத்தி, யூ.எஸ்.பி. வழியாக வேறொரு கணினியோடு இணைத்தார். ஐந்து நிமிடம் செல்லவில்லை. கட்டுரையும் படமும் திரையில் வந்தன. கணினி மாண்டது மெய். ‘எல்லாம் போய்விட்டது’ என்றது பொய்.

இம்முறையை எவரும் கையாளலாம். எனினும் சில விதிகளை மறத்தலாகாது. தட்டினை இணைத்தவுடன் ‘போர்மற் செய்யவா?’ என்று கணினி கேட்குமாயின், ‘வேண்டாம்’ என்றே விடையிறுங்கள். மீட்கும் கோப்புகளை அதே தட்டில் எழுதாது வேறொரு தட்டிலே எழுதுங்கள். தவறி அழித்த கோப்புகளைத் தேடித் தருதற்கு ‘ரெஸ்ற்டிஸ்க்’, ‘போட்டோறெக்’ முதலிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தட்டு ‘டிக், டிக்’ என்று ஓசையிடுமாயின் அக்கணமே நிறுத்திவிடுங்கள். உள்ளே காந்தமுனை தட்டைச் சுரண்டிக்கொண்டிருத்தல் கூடும். ஒவ்வொரு முயற்சியும் எழுத்தைச் செதுக்கி எறியும். அதனைத் தூசற்ற அறையிலே திறக்கவல்ல வல்லுநரே தொடல் வேண்டும். எஸ்.எஸ்.டி.யிலிருந்து அழிக்கப்பட்ட கோப்போ பெரும்பாலும் மீளாது. அத்தகைய தட்டு வெற்றிடத்தைத் தானே துடைத்து வைக்கும் இயல்பினது.

மேலும், புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். ‘பிற்லொக்கர்’ என்னும் அப்பூட்டின் திறவுகோல் 48 இலக்கங்கொண்ட எண். அஃதின்றித் தட்டை வெளியே எடுத்தும் பயனில்லை. கணினி நலமாயிருக்கும்போதே அவ்வெண்ணைத் தேடிக் கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். சில கணினிகளிலே சேமிப்பகம் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருத்தலால் கழற்றவே இயலாது என்பதையும் நினைவிற் கொள்க. திருத்தகத்துக்குச் செல்வோர் முதலிற் சொல்லவேண்டிய வார்த்தை, “கணினியைத் திருத்துங்கள்” என்பதன்று. “உள்ளிருப்பதை அழியாமற் காத்துத் தாருங்கள்” என்பதே.

தட்டின் உறுதிக்கு உலகறிந்த சான்றொன்றுண்டு. 2003 பெப்ரவரி 1ஆந் திகதி கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் வானிலே சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். அவ்வோடத்திலிருந்த வன்தட்டொன்று தீயில் வெந்து, மண்ணில் வீழ்ந்து, மாதக்கணக்கிற் கிடந்தபின் கண்டெடுக்கப்பட்டது. வல்லுநர் அதிலிருந்து ஏறக்குறைய 99 வீதத் தரவுகளை மீட்டனர். விண்ணில் நிகழ்த்திய ஆராய்ச்சியொன்றின் பெறுபேறு அதனால் 2008இல் வெளியாயிற்று. விண்ணிலிருந்து வீழ்ந்த தட்டுக்கே இக்கதியெனின், மேசையில் அணைந்த கணினியை நோக்கி மனம் உடைதல் எதற்கு?

ஒன்று பலவாகுக

எனினும் மீட்பினை நம்பி வாழ்தல் அறிவுடைமை ஆகாது. விண்ணோடத்திலிருந்த மற்றத் தட்டுகள் மீளவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டுவோர் நம் ஏடெழுதியோரே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையை 1887இற் பதிப்பிக்க முடிந்தமைக்குக் காரணம் என்னை? செல்லரித்த ஏடு ஒன்றாயினும், அதன் பிரதி வேறொரு வீட்டிலே எஞ்சியிருந்தமையே. படியெடுத்த நூல் பிழைத்தது, படியெடாதது மாண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அவற்றுள் அடங்கும். அவை இனி வாரா. 2005இலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பிரதியெடுத்து எவரும் படிக்க வைத்துள்ளமை அவ்விழப்பு நமக்குக் கற்பித்த பாடத்தின் பயனென்றே கூறலாம்.

இதே விதியை வீட்டுக்கும் கொள்க. எக்கோப்புக்கும் 3 பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை 2 வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 1 வேறிடத்தில் இருத்தல் வேண்டும். மடிக்கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, இணைய மேகத்தில் ஒன்று என வைத்தல் எளிது. கூகுள் நிறுவனம் 15 கிகாபைற் அளவினை இலவசமாகவே தருகிறது; ஆய்வுக் கட்டுரைகள் எத்தனையும் அதற்குள் அடங்கும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் குடும்பப் படங்களை அனுப்பி வைத்தலும் ஒரு காப்பே. இங்கே வெள்ளம் வரினும் அங்கே படம் நனையாது. பென்ட்ரைவை மட்டும் நம்பியிருத்தல் நன்றன்று. ஆண்டுக்கணக்கில் மேசை அறையிற் கிடப்பின் அதன் எழுத்து மங்குதல் கூடும்.

மடிக்கணினி இன்றில்லாவிடினும் நாளை தேய்ந்தே தீரும். பணமிருந்தால் வேறொன்று வாங்கலாம். உறுதிகளையும் படங்களையும் ஒருமுறையன்று, பலமுறை இழந்துவிட்டு வந்திருக்கும் மக்கள் நாம். இழப்பின் விலையை எவரும் நமக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின் மாணவர்காள், இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். மாலை இடிமுழக்கம் எழுமுன், வீட்டிலுள்ள உறுதியையும் சான்றிதழையும் படங்களையும் எடுத்து, ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வைக்கவும் மறவாதீர்கள்.