கடைமடைச் சீமை

வருசநாட்டு மலையில் பிறந்து தேனியையும் மதுரையையும் கடந்து, மானாமதுரை, பரமக்குடி வழியாக வரும் வைகை நேராகக் கடலைத் தேடிப் போவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்குத் தண்ணீர். ஓர் ஆற்றின் கடைசிச் சொட்டுவரை கரைபோட்டு நிறுத்தி வைத்துக்கொண்ட அந்த மண்ணுக்குத்தான் தண்ணியில்லாக் காடு என்று பெயர் விழுந்தது. வேண்டாத அதிகாரியை மாற்றி அனுப்பும் ஊர் என்ற பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, அங்கே பிறந்தவர்களே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் சீமை அது. அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு அதைப் பிடித்து வைக்கத் தெரிந்த காலத்தில் ஊர் பிழைத்தது. தெரியாமல் போன காலங்களில் ஊர் கிளம்பியது. ராமநாதபுரத்தின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலையைக் கரைமேல் ஏறி நின்று பார்த்தால் புரியும். மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரியும் தரை. கண்ணுக்கே புலப்படாத சரிவு. அந்தச் சரிவை அளந்தறிந்து, பிறை வடிவில் கரை எழுப்பி, ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் தண்ணீர் அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் போய் விழும்படி ஊர் ஊராகக் கோத்து வைத்தார்கள். பாண்டிய மன்னன் ராஜசிம்மன் பெயரைத் தாங்கிய ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இன்றும் சொல்வார்கள். கரைக்குக் கரை பறக்க நாரைக்கும் சிறகு வலிக்கும் என்பது பொருள். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி உண்டு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் வாய்ச்சொல்தான், அவர் கூலி களத்து நெல்லில். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வண்டி கட்டி அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். வயலுக்கு உரமாயிற்று, கண்மாயும் ஆழமாயிற்று. இதற்குக் குடிமராமத்து என்று பெயர் வைத்துத் திட்டமாக அறிவிக்கும் தேவை அப்போது எவருக்கும் இருக்கவில்லை.

இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் காலம் என்றால் நமக்குக் கிழவன் சேதுபதியின் வீரமும், ராமேசுவரத்துப் பிராகாரமும், கீழக்கரைச் சீதக்காதியின் கொடையும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தின் கடைசியில் நடந்த ஒன்றை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, மேற்குமலையில் வீணாக ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர விவரம் தெரிந்த ஆட்களை அனுப்பினார். முடியும், ஆனால் செலவு தாங்காது என்று அந்த யோசனை நின்றது. சற்றேறக்குறைய நூறாண்டு கழித்து, 1895-இல், பென்னிகுயிக் கட்டிய அணையால் பெரியாறு கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீரில் மதுரைச் சீமை பச்சைப்பட்டது. அதை முதலில் கனவு கண்ட சீமை கடைமடையாகவே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே நடந்தது வேறு. 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தார்கள். 1803-இல் சமஸ்தானம் ஜமீன் ஆயிற்று. மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஆண்டுதோறும் ஒரே பேஷ்குஷ், அதாவது கப்பம், கட்ட வேண்டும் என்றான பிறகு, கண்மாய்க் கரைக்கு மண் அணைக்கப் பணம் ஏது? வாரிசு வழக்குகளிலும் கடனிலும் ஜமீன் தேய்ந்தது, கரைகளும் தேய்ந்தன. 1910-இல் ராமநாதபுரம் தனி மாவட்டமானபோதும் அதன் தலைமையகம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது. தண்ணீர் எங்கே நின்றதோ அங்கேதான் அதிகாரமும் நின்றது.

கரை உடைந்தால் மக்கள் கிளம்பினார்கள். 1876 முதல் 1878 வரையிலான தாது வருசப் பஞ்சத்துக்கு முன்பே, இந்தக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காடு வழியே நடந்து இலங்கையின் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன கூட்டம் ஏராளம். பின்னர் தேயிலை வந்தது, பர்மாவும் மலாயாவும் வந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயிலும் கப்பலும் தனுஷ்கோடியில் கைகோத்தன. மண்டபம் முகாமில் தோட்டத் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்துப் பிறகே அனுப்பினார்கள். 1964 அக்டோபரில், இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. ஒப்பந்தப்படி நாடு திரும்பியவர்கள் வந்து தங்கியதும் இதே மண்டபத்தில்தான். 1983-க்குப் பிறகு இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களை ஏற்றுக்கொண்டதும் அதுவே. பாட்டன் போகும்போது நின்ற வரிசையில் பேரன் வரும்போது நின்றான். இப்போது போக்கு வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும். கிளம்பும் காரணம் மட்டும் பழையதுதான்.

இன்று முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சீமைக்கருவேல். விறகுக்கும் வேலிக்கும் என்று சென்ற நூற்றாண்டில் பரப்பிய மரம் வயலையும் வரத்துக்காலையும் மூடிவிட்டது. அதை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, புகை கசியும் துவாரங்களை மட்டும் விட்டு, நாள்கணக்கில் காவலிருந்து எரிக்கும் கரிமூட்டம் பல வீடுகளுக்கு உலை வைக்கிறது. அந்த மரத்தை வெறுமனே சபிக்க எனக்கு மனம் வரவில்லை. தெருக்களில் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிப் பெண்கள் குடிதண்ணீருக்குப் போகிறார்கள். இத்தனைக்கும் 2009-இல் காவிரித் தண்ணீரே குழாய் வழியாக இந்தச் சீமைக்கு வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊருணியைத் தேடினால் ஊருணி இருந்த இடத்தில் முள்தான். ஆனாலும் ஆவணி புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் துணிச்சல் இன்னும் போகவில்லை. அந்த ஒரு மழையில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறின. தண்ணீர் நின்றால் சங்குவளை நாரைகள் அங்கே வந்து கூடு கட்டுகின்றன.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது வரட்டும், வரவேண்டும் என்றுதான் விரும்புகிறேன். ஆனால் முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிய நாளிலிருந்து இந்தச் சீமை இன்னோர் ஆற்றை எதிர்பார்த்தே இருநூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டது. அந்தக் கால்வாய் வந்து சேரும் நாளிலும் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டியவை இதே கண்மாய்கள்தான். நூறு ஏக்கருக்கு மேல் பாயும் கண்மாய் பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகு, ஊருக்கென்று ஒரு கண்மாயும் இல்லாமல் போனதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். சென்னையிலும் துபாயிலும் இருந்து இதைப் படிக்கும் ராமநாதபுரத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கோடையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். அவர்கள் காட்டும் வரத்துக்காலில் ஒரு முறை நடந்து பாருங்கள். அடைப்பு எங்கே என்று தெரிந்தால், ஐப்பசிக்குள் அதை எடுத்துவிடப் போதிய காலம் இருக்கிறது.