கேஸ் ஷீட்டைக் கிழிச்சுட்டு நோயாளியை மட்டும் காட்டாதீங்க

1/ "வெளிநாட்டுப் படத்துல நாலு முத்தத்தை வெட்டினா என்ன குடிமுழுகிப் போச்சு டாக்டர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சு 'பொஹீமியன் ராப்சடி' பற்றி. முத்தம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அதோடு சேர்ந்து என்ன போச்சு என்பதுதான் என் கோபம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

2/ தெரியாதவங்களுக்கு: குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் வாழ்க்கைப் படம் இது. 2018ல் வந்தது. மனுஷன் 1946ல் சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். மகாராஷ்டிராவில் பஞ்ச்கனியில் ஸ்கூல் படிச்சவர். 1991 நவம்பர் 24 அன்று, 45 வயசில், எய்ட்ஸ் காரணமா வந்த நிமோனியாவில் இறந்தார்.

3/ மலேசியாவில் படத்துக்கு 18 வயசுச் சான்றிதழ் கொடுத்தாங்க. கொடுத்துட்டும் வெட்டினாங்க! 24 நிமிஷம் போச்சுன்னு செய்தி வந்தது. இல்லை, மூணு நிமிஷத்துக்கும் கம்மிதான்னு தணிக்கை வாரியம் சொன்னது. கணக்கு எதுவா வேணா இருக்கட்டும். குழுவினர் பெண் வேஷம் கட்டி நடிச்ச பாட்டு வீடியோ காட்சி காலி. கதையில் ஒரு திருப்பமே அங்கேதான் இருக்கு. காசு கொடுத்து தியேட்டருக்குப் போனவங்க கோர்வையே புரியலைன்னு புலம்பினாங்க.

4/ சீனாவில் 2019 மார்ச்சில் ரிலீஸ். ரெண்டு நிமிஷத்துக்கு மேல வெட்டு. ஆணும் ஆணும் முத்தமிடும் காட்சிகள் இல்லை. 'கே' என்ற சொல் இல்லை. அதுக்கு முந்தின மாசம் ராமி மாலெக் ஆஸ்கர் மேடையில் பேசியபோதே, அவர் சொன்ன அந்தச் சொல்லை 'சிறப்புக் குழு' என்று மொழிபெயர்த்துப் போட்டது ஒரு சீனத் தளம். சிறப்புக் குழுவாம்!

5/ இதெல்லாத்தையும் விடக் கொடுமை ரஷ்யாவில் நடந்தது. எல்டன் ஜான் பற்றிய 'ராக்கெட்மேன்', 2019. சுமார் 5 நிமிஷம் போச்சுன்னு அங்கத்திய விமர்சகர்களே சொன்னாங்க. மூலப்படத்தின் கடைசியில், அவர் கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்கிறார்னு எழுத்து வரும். ரஷ்யப் பிரதியில் அது போய், அவர் எய்ட்ஸ் அறக்கட்டளை நடத்துறார்னு வந்தது.

6/ அதைத் திரும்ப ஒருமுறை படிங்க. எய்ட்ஸைப் பத்திப் பேசலாம். கூட வாழ்ற ஆளைப் பத்திப் பேசக் கூடாது. நோய் இருக்கலாம், காதல் இருக்கக் கூடாது. ஒரு டாக்டரா எனக்கு வயிறு எரியறது இந்த இடத்துலதான்.

7/ மருத்துவப் படிப்பில் முதலில் சொல்லித் தர்றதே ஹிஸ்டரி எடுக்கறதுதான். என்ன வேலை, யாரோட இருக்கீங்க, என்ன பழக்கம், எல்லாம் கேட்கணும். முகம் சுளிக்காம கேட்கணும். அந்தப் பக்கத்தைக் கேஸ் ஷீட்டில் இருந்து கிழிச்சுட்டா மிச்சம் இருக்கறது காய்ச்சலும் இருமலும் எடை குறைஞ்ச உடம்பும்தான். எதையும் விளங்கிக்க முடியாது.

8/ சினிமாவிலும் அதேதான். ஃப்ரெடியோட கடைசி வரைக்கும் இருந்தவர் ஜிம் ஹட்டன். படத்தில் இந்தப் பக்கத்து வாழ்க்கையை வெட்டிட்டு நோயை மட்டும் விட்டா, பார்க்கறவன் மனசுல என்ன பதியும்? 'ஆட்டம் போட்டான், அனுபவிச்சான்'. வைரஸுக்கு ஒழுக்கமும் தெரியாது, பாவ புண்ணியமும் தெரியாதுங்க. தண்டனைக் கதையை உண்டாக்கறது கத்திரிக்கோல்.

9/ நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். மூலப்படமும் சுத்தம் கிடையாது. 1985 லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்னாடியே தனக்கு எய்ட்ஸ்னு ஃப்ரெடி நண்பர்களிடம் சொல்ற மாதிரி காட்டியிருக்காங்க. நோய் உறுதியானது 1987ல்தான்னு ஹட்டன் எழுதியிருக்கார். கிளைமாக்ஸில் கண்ணீர் வேணும்னு டைரக்டர் தரப்பு ஒரு தடவை திரிச்சது, தணிக்கை இன்னொரு தடவை வெட்டினது. ரெண்டுக்கும் நடுவுல நிஜ மனுஷன் காணாமப் போயிட்டார்.

10/ ஃப்ரெடி தன் நோயை உலகத்துக்குச் சொன்னது நவம்பர் 23. மறுநாள் இறந்துட்டார். அதுவரைக்கும் பத்திரிகைகள் வீட்டு வாசலில் மோப்பம் பிடிச்சிட்டு நின்னது. சொன்னா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். அந்த மௌனத்தை 27 வருஷம் கழிச்சு அவர் படத்து மேலயே போர்த்தறது எவ்வளவு பெரிய கேலி!

11/ 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைப் பரிசோதிச்சு இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றைக் கண்டுபிடிச்சாங்க. 'நம்ம நாட்டுல அதெல்லாம் கிடையாது'ன்னு பலர் நினைச்சிட்டிருந்த காலம். அவங்களும் கண்ணை மூடிட்டு இருந்திருந்தா? கிருமி பாட்டுக்குப் பரவிட்டு இருந்திருக்கும்.

12/ 1987ல் முதல் மருந்து, 1996 வாக்கில் கூட்டு மருந்து. இன்னிக்கு ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடிச்சா, உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. அவ்வளவு தூரம் வந்துட்டோம். ஆனா மாத்திரை வாங்க முதல்ல டெஸ்டுக்கு வரணும். டெஸ்டுக்கு வரவிடாம தடுக்கறது கூச்சமும் பயமும்.

13/ 'எங்க கலாசாரம், குழந்தைங்க பார்க்கறாங்க' என்பாங்க. 18 வயசுக்குக் கீழே உள்ளே விடாதீங்க, யார் வேண்டாம்னா? பெரியவங்களுக்குன்னு சான்றிதழ் கொடுத்துட்டு அவங்களையே குழந்தையா நடத்தறதுக்குப் பேர் என்ன கலாசாரம்?

14/ வெட்டித்தான் தீருவீங்கன்னா, குறைஞ்சபட்சம் போஸ்டரில் போடுங்க: இத்தனை நிமிஷம் நீக்கப்பட்டதுன்னு. மருந்து அட்டையில் உள்ளே என்ன இருக்குன்னு போடுறோம்ல? டிக்கெட்டுக்கு முழுக் காசு வாங்கறவங்க இதையாவது செய்யலாம்.

15/ என்கிட்ட வர்ற நோயாளி யாரைக் காதலிக்கிறார்னு நான் தீர்ப்பு சொல்றதில்லை. கேட்டுத் தெரிஞ்சுக்கறேன், ஏன்னா அது தெரிஞ்சாதான் வைத்தியம். வாழ்க்கைப் படம் எடுக்கறவங்களுக்கும் அதை வெட்டறவங்களுக்கும் அதேதான் சொல்வேன். முழு ஆளைக் காட்டுங்க. முடியலைன்னா அவர் பேரைப் போஸ்டரில் போடாதீங்க.

டெஸ்ட் பத்தி சந்தேகம் இருந்தா தயங்காம கேளுங்க. பதில் சொல்றேன்.