தேதி மேல் தேதி! நோய் காத்திருக்குமா?

பெரிய ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்குவதே பெரும்பாடு. வாங்கிய நாளில் போய், டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வருவது அதைவிடப் பெரும்பாடு. "இன்னிக்கு டாக்டர் இல்லை, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று முகப்பில் சொல்லி, அட்டையில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் மறுபடியும் ஒரு தேதி. நம் தோட்டப்புறங்களில் இன்று பரவலாகக் கேட்கும் புலம்பல் இது.

பட்டணத்தில் இருப்பவருக்கு இது ஓர் அசௌகரியம். தோட்டத்தில் இருக்கும் பாட்டாளிக்கோ இது கூலி நஷ்டம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். அதில் நமக்குக் குறையில்லை. ஆனால், 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. கண் சரியாகத் தெரியாத அம்மாவை மகன் கூட்டிப் போனால் அவன் கூலியும் போச்சு. இருவரும் வேலை செய்பவர்களானால் 130 வெள்ளி. வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் தனி. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாலாவது மனம் ஆறும். பார்க்காமலே வந்தால்?

காசை விட்டுத் தள்ளுங்கள், பிறகு சம்பாதிக்கலாம். உடம்பு என்னாவது? நம் மக்களைப் பிடித்து ஆட்டுவது இனிப்பு நீர். அது கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் சத்தமில்லாமல் அரிக்கிற நோய். காலில் ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு மூன்று மாதம் என்பது சின்னத் தவணை அல்ல. விரலோடு போக வேண்டியது காலோடு போய்விடலாம். கடனுக்கும் நோய்க்கும் தவணை சொல்லச் சொல்ல இரண்டுமே வளரும்.

ஏன் இப்படி நடக்கிறது? எல்லாப் பழியையும் முகப்பில் உட்கார்ந்திருக்கும் தாதியின் மேல் போடுவது நியாயமல்ல. தேதியை மாற்றுவது அவர் விருப்பம் அல்ல. சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சில குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்து போகிறவர்களும் உண்டு. அந்த ஒருவர் அவசர அறுவைக்குப் போனாலோ, கூட்டத்துக்குப் போனாலோ, லீவு எடுத்தாலோ அன்றைய பட்டியல் அப்படியே நின்றுபோகும். 2016 டிசம்பர் முதல் இளம் டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில் எடுத்து வந்தது. நிரந்தர வேலை கேட்டு அவர்கள் 2021 ஜூலை 26-ல் வேலையை விட்டு வெளியே வந்து குரல் கொடுத்ததை நாடே பார்த்தது. எதிர்காலம் தெரியாத டாக்டர், சிறப்புப் படிப்புக்கு எங்கே போவார்? அந்தத் தட்டுப்பாட்டின் சுமை கடைசியில் நோயாளி தலையில்தான் இறங்குகிறது.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. தேதி மாறினால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரலாம். ஆனால் நாம் கொடுத்த நம்பர் காசு போடாமல் எப்போதோ செத்துப் போயிருக்கும். புது நம்பர் வாங்கியதும் பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறோம், ஆஸ்பத்திரிக்குச் சொல்வதில்லை!

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று உங்களுடையது, மற்றது மகன் அல்லது மகளுடையது. குறித்த நாளுக்கு முதல் நாளே போன் போட்டு, "நாளைக்கு டாக்டர் இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது, தேதி மாறினால் அட்டையை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். 'என் நோய் இவ்வளவு நாள் காத்திருக்கலாமா, இங்குள்ள வேறு டாக்டர் என் கோப்பைப் பார்த்துச் சொல்வாரா?' 'புதுத் தேதி வரைக்கும் மருந்துக்கு என்ன வழி?' 'யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் என்னைக் கூப்பிடுவீர்களா?' மருந்துச் சீட்டு பழைய தேதியோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்தில்லாமல் கழியும் வாரங்களில்தான் பலருக்கு நோய் முற்றுகிறது. தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. மலாயில் அதற்கு 'ஸ்புப்' என்று பெயர். மருந்தகத்தில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள்.

மூன்றாவது, எந்தத் தேதி எந்தத் தேதியாக மாறியது, என்ன காரணம் சொன்னார்கள் என்பதையெல்லாம் ஒரு 555 புத்தகத்தில் எழுதி வையுங்கள். கடைக் கடனை எழுதுகிற கைக்கு இதையும் எழுதத் தெரியும். எழுத்தில் இருப்பதற்குத்தான் பலம்.

நான்காவது, இடையில் நோய் கூடினால் அட்டையிலுள்ள தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கிளினிக் டாக்டரிடம் காட்டி, அவசரம் என்று புதுக் கடிதம் வாங்குங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, திடீரென்று பார்வை மங்குதல் என்றால் நேரே அவசரப் பிரிவுதான்.

ஐந்தாவது, இரண்டாம் முறையும் தள்ளிப் போட்டால் ஆஸ்பத்திரியின் பொதுத் தொடர்புப் பிரிவுக்குப் போங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' புகார் முறையில் எழுத்து மூலம் கொடுக்கலாம். பெயர், அடையாள அட்டை எண், மாறிய தேதிகள், இவ்வளவு போதும். வசைச் சொல் வேண்டாம். படித்த பிள்ளைகள் இதைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்க வேண்டும்.

வேலை விஷயத்திலும் கவனம் தேவை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். ஆனால் அதற்கு டாக்டரின் எம்.சி. வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். டாக்டரே பார்க்காத நாளில் எம்.சி. எங்கே கிடைக்கும்? வந்து போனதற்கு நேரச் சீட்டு கொடுப்பார்கள். அது எம்.சி. ஆகாது. ஆனாலும் சும்மா வேலைக்கு வராமல் இருந்தார் என்ற பழியிலிருந்து காப்பாற்றும். ஆகவே பெரட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சீட்டை மறக்காமல் கேட்டு வாங்கி, கிராணியிடம் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தொழிற்சங்கத்துக்கு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரி தேதியை மாற்றியதால் வீணான நாளுக்குத் தொழிலாளி ஏன் கூலி இழக்க வேண்டும்? சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்குச் சம்பளமும், போய்வர வாகனமும் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இடம் பெற வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் டிரெசரும் இருந்த காலம் ஒன்று உண்டு. அது போன பிறகு, தொலைவின் செலவு முழுவதையும் தொழிலாளியே சுமப்பது எந்த நியாயம்?

ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. ஒரு முறை தள்ளிப் போடப்பட்டவர் மறுமுறை வரிசையின் முன்னால் நிற்கட்டும். கடைசிக்குப் போக வேண்டாம். தெரிந்த லீவுக்கு முன்கூட்டியே தகவல் வரட்டும். தொலைவிலிருந்து வருபவரை வெறுங்கையோடு அனுப்பாமல், இருக்கிற டாக்டர் ஒருவராவது பார்த்து அனுப்பட்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆளுக்கொரு மூலையில் முணுமுணுத்தால் யார் காதிலும் விழாது. ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் தங்கள் தேதிகளை எழுதி, சங்கக் கிளையின் மூலம் சேர்த்துக் கொடுத்தால் அது முணுமுணுப்பு அல்ல, கோரிக்கை. அட்டையில் மாறிய தேதிகளை இன்றே எண்ணிப் பாருங்கள்.