ரூம்மேட் தேவை



ஆகஸ்ட் நெருங்கினாலே நம் வாசகர் வீடுகள் பலவற்றில் ஹால் நடுவே பெட்டிகள் திறந்து கிடக்கும். ஒன்றில் குக்கர், இன்னொன்றில் பருப்புப்பொடியும் ஊறுகாயும். பிள்ளை எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புகிறது. விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்த பிறகும் அம்மாவுக்கு ஒரு கவலை பாக்கி இருக்கும்: அங்கே யாரோடு தங்கப் போகிறது?

அதற்கான பதில் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் கிடைக்கிறது. 'இரண்டு பெட்ரூம், ஒருவருக்கு இடம் உண்டு, சைவம் மட்டும், கேம்பஸுக்கு நடந்தே போகலாம்.' சில விளம்பரங்கள் இதோடு நிற்பதில்லை. எந்த மதம், எந்தச் சாதி என்பதுவரை போய்விடுகின்றன. இப்படியெல்லாம் கேட்க அந்த ஊர்ச் சட்டம் விடுமா?

விடை தேட 1968க்குப் போக வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டது அந்த ஆண்டு ஏப்ரல் 4. ஒரே வாரத்தில், 11ஆம் தேதி, அதிபர் லிண்டன் ஜான்சன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்விக நாடு பார்த்து யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது என்றது அது. 1974இல் பாலினம் சேர்ந்தது. 1988இல் மாற்றுத்திறனாளிகளும் குழந்தைகள் உள்ள குடும்பங்களும். கையில் காசிருந்தும் கறுப்பின மக்கள் வீடு கிடைக்காமல் திரும்பிய தெருக்கள் அந்த நாட்டில் ஏராளம். அந்த வலிதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. உரிமையாளர் தானும் குடியிருக்கும் கட்டடத்தில் நான்கு வீடுகளுக்கு மேல் இல்லையென்றால், யாரைக் குடிவைப்பது என்பதில் சட்டம் பிடியைத் தளர்த்துகிறது. இதை 'திருமதி மர்ஃபி விலக்கு' என்பார்கள். மர்ஃபி என்று நிஜத்தில் ஒருவரும் இல்லை. வீட்டில் சில அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விதவை ஒருத்தியை விவாதத்துக்காகக் கற்பனை செய்துகொண்டார்கள். அந்த மர்ஃபி அம்மாள்கூட 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் போடக் கூடாது. வெள்ளையர், கறுப்பர் என்று இனம் பார்ப்பதை 1866ஆம் ஆண்டின் பழைய சட்டம் தனியாகத் தடுக்கிறது. அதில் மர்ஃபி அம்மாளுக்கும் விலக்கு இல்லை.

ஒரே அடுப்பையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் ரூம்மேட்டுகளுக்கு என்ன விதி? ரூம்மேட்ஸ்.காம் என்ற நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியாவின் வீட்டுவசதி உரிமை அமைப்புகள் வழக்குத் தொடுத்தபோது இந்தக் கேள்வி நேராகவே எழுந்தது. பாலினம், பாலியல் நாட்டம், குழந்தைகள் உண்டா என்றெல்லாம் அந்த நிறுவனம் கேட்டு வைத்துக்கொண்டு ஆட்களைச் சேர்த்துவைத்தது. 2012இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதி அலெக்ஸ் கொஸின்ஸ்கி எழுதிய தீர்ப்பில், நியாய வீட்டுவசதிச் சட்டம் வாசற்கதவோடு நின்றுவிடுகிறது, உள்ளே யாரோடு வாழ்வது என்பதில் தலையிடாது என்றது. ஆசாரமான யூதர் ஒருவர் தன் ஃப்ரிட்ஜில் பன்றி இறைச்சி இருக்கக் கூடாது என்று நினைப்பதைத் தீர்ப்பு உதாரணமாகக் காட்டியது. கவிச்சி வாடை படாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, மிச்சிகன் மாநிலம் கிராண்ட் ராபிட்ஸில் ஒரு பெண் தன் தேவாலய அறிவிப்புப் பலகையில், கிறிஸ்தவப் பெண் ரூம்மேட் வேண்டும் என்று ஒரு தாளை ஒட்டினார். யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். மத்திய வீட்டுவசதித் துறை விசாரித்துப் புகாரைத் தள்ளுபடி செய்தது.

எல்லா ஊரிலும் இப்படியே முடியும் என்று நினைக்க வேண்டாம். விஸ்கான்சினின் மேடிசன் நகரில் 1989இல் ஒரு வீட்டை எடுத்திருந்த பெண்கள், புதிதாக வர இருந்தவரிடம் முன்பணம் வாங்கிய மறுநாளே, அவர் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்று காரணம் சொல்லி இடம் மறுத்தார்கள். நகரச் சட்டப்படி அது பாகுபாடுதான் என்று 1996இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே ரூம்மேட் தேர்வுக்கு விலக்குக் கொடுத்து நகரம் சட்டத்தைத் திருத்தியிருந்தும், இந்த வழக்குக்கு அது உதவவில்லை.

2012 தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் பெண்களோடுதான் தங்குவேன் என்றால் அரசு ஏன் என்று கேட்கக் கூடாது. தூங்கும் இடத்தில் பயமில்லாமல் இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் சாதி கேட்கும் விளம்பரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க என்னால் முடியாது. சைவமா என்று கேட்பவருக்கு அடுப்படி பற்றிய கவலை. சாதி என்ன என்று கேட்பவருக்கு அதனால் என்ன தெரிந்துவிடப் போகிறது? பாத்திரம் கழுவுவாரா, வாடகையில் தன் பங்கைத் தவறாமல் தருவாரா? எதுவும் தெரியாது. சியாட்டில் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் ஆனது. வீட்டுவசதியும் அந்தத் தடைக்குள் வருகிறது. அப்படி ஒரு சட்டம் அங்கே தேவைப்பட்டதற்குக் காரணம் நம் ஊர்களிலிருந்து போனவர்கள் கூடவே கொண்டுபோன வழக்கம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

விமானம் ஏறப்போகும் பிள்ளைகளே, விளம்பரம் எழுதும்போது எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், சிகரெட் உண்டா, நண்பர்கள் வந்து தங்கலாமா, அசைவம் சமைக்கத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். பொதுவில் போடுவதற்கு முன் அந்த நகரத்தின் விதியைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்