பங்கிலாபம் எங்கிருந்து வருகிறது?

"தேயிலைக் கம்பெனிப் பங்குகளை வாங்கலாமா? ஆண்டுதோறும் பங்கிலாபம் கிட்டுமா?" என்று ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மை வினவினார்.

தலவாக்கலைத் தேயிலைத் தோட்டக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1992ஆம் ஆண்டில் அரசுத் தோட்டங்கள் 22 கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது தோன்றியவற்றுள் இதுவும் ஒன்று. மட்டக்கலை, சமர்செட், ஹொலிரூட் முதலிய மலைத் தோட்டங்களோடு தெனியாயப் பகுதியில் தாழ்நிலத் தோட்டங்களும் இதற்கு உண்டு. ஒருவகைத் தேயிலையின் விலை வீழ்ந்தால் மற்றது தாங்கக்கூடும். இஃது இதன் பலம்.

நிலமோ அரசினுடையது, குத்தகை 2045 வரைதான். 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபின் விளைச்சல் குறைந்ததையும் மறத்தற்கில்லை. ஆதலின், ஓராண்டுப் பங்கிலாபத்தைக் கண்டு மயங்காமல் பத்தாண்டுக் கணக்கை நோக்குதல் நன்று.

இன்னுமொன்று சொல்வோம். தோட்டக் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்றபோது, பங்குகளில் நூற்றுக்குப் பத்து தொழிலாளருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. விற்காத பத்திரம் எதுவும் உங்கள் தாயாரின் பெட்டியடியில் கிடக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். கொழுந்து பறித்த கைக்கும் பங்கிலாபத்தில் உரிமை உண்டு.