பதினோரு வயதில் கைக்கு வந்த பந்து



சில நாட்களுக்கு முன் ரஹாங்கில் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி கொண்டு வந்து வைத்த அந்த வீட்டு அம்மா, உட்கார்ந்ததும் மகளைப் பற்றித்தான் பேச்சை எடுத்தார்.

"அக்கா, இவ பள்ளிக்கூடத்துல வலைப்பந்து ஆடுறா. பயிற்சி இருக்கிற நாள்ல வீட்டுக்கு வர ஆறரை ஆயிடுது. வயசுக்கு வந்த பிள்ளை. போதும், நிறுத்திடுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. படிவம் ஒன்று படிக்கிறாள். கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் நான் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. சென்னைப் பெண் ஒருத்தியின் கதையைச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் அனிதா பால்துரை. 1985-ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது ஓட்டப்பந்தயத்திலும் கைப்பந்திலும்தான் அவருக்கு ஆசை. பதினோரு வயதில் கூடைப்பந்து கைக்கு வந்தது. அதன்பிறகு அவர் அதை விடவேயில்லை.

கூடைப்பந்து நம் பிள்ளைகளுக்கு அந்நியமான ஆட்டம் அல்ல. வலைப்பந்துக்கு அது அக்காள் முறை. அமெரிக்காவில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடையைச் சுவரில் உயரக் கட்டி, அதில் பந்தைப் போடச் சொல்லித் தொடங்கிய ஆட்டம் அது. அதிலிருந்து பிரிந்து வந்ததே வலைப்பந்து. வலைப்பந்தில் பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கூடைப்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். ஆனால் இரண்டிலும் வளையம் நிற்கும் உயரம் ஒன்றுதான்: பத்து அடி. வலைப்பந்து வளையம் இன்னும் குறுகலானது. பின்னால் பலகையும் கிடையாது. அதில் குறி பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் கூடைப்பந்தின் வளையம் மலைப்பாக இருக்காது.

அனிதாவின் கதைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு தொடங்கி 2017 வரை, பதினெட்டு ஆண்டுகள் அவர் இந்தியாவுக்காக ஆடினார். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்கே தலைவியானார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பொறுப்பு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. தன்னைவிட மூத்தவர்கள் இருக்கும் அணியில், "நீ இப்படிப் போ, நீ அங்கே நில்" என்று ஒரு சின்னப் பெண் சொல்ல வேண்டும். அவர்களும் கேட்க வேண்டும். அந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடுமா?

இங்கேதான் தாய்மார்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பதினொன்றில் தொடங்கி, பத்தொன்பதில் தலைவி. நடுவில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளும் எவை? பெண் பிள்ளை பெரியவளாகும் ஆண்டுகள். நம் வீடுகளில் "போதும், வீட்டில் இரு" என்று சொல்கிற அதே ஆண்டுகள்! பதின்மூன்றில் அனிதாவை நிறுத்தியிருந்தால், இரண்டு ஆண்டுப் பழக்கத்தோடு ஆட்டம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்துக் குழுப்படம் ஒன்று மட்டும் வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும்.

அவரை நிறுத்தாததால் என்ன வந்தது? ஆட்டம் அவருக்குத் தென்னக ரயில்வேயில் வேலை வாங்கித் தந்தது. சொந்தக் காலில் நிற்க வைத்தது. 2013-ல் தோஹா நகரில், பக்கத்துக்கு மூவர் ஆடும் ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஸக்ஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. வித்தியாசம் இரண்டே புள்ளி! அந்த அணியிலும் அவர் இருந்தார். 2021-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

"அது சென்னை அக்கா, நம்ம ஊருல நடக்குமா?" என்று அந்த அம்மா கேட்டார். ஏன் நடக்காது? பேராக் மாநிலம் தாப்பாவில் பிறந்த நம் ராஜாமணி, 1964-ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடவில்லையா? 1966-ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் கொண்டு வரவில்லையா? அவரும் நம் வீட்டுப் பெண்தானே!

எல்லாப் பிள்ளைகளும் நாட்டுக்கு ஆடப் போவதில்லை. அது எனக்கும் தெரியும். தாயின் பயமும் பொய்யில்லை. இருட்டும் நேரம், பஸ் கிடைக்காத சாலை, அக்கம்பக்கத்துப் பேச்சு, இவை எல்லாம் உண்மைதான். ஆனால் பயத்துக்கு மருந்து ஆட்டத்தை நிறுத்துவது அல்ல, ஏற்பாடு செய்வது. பயிற்சி எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்று ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். ஒரு நாள் திடலுக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அதே பக்கம் வரும் பிள்ளைகள் யார் யார் என்று விசாரியுங்கள். வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும் என்று மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு நான் எழுந்தபோது, அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அப்போதுதான் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை நிறுத்திய கணவரைப் பார்த்து, "ஏங்க, செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் இவளைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். கதவோரம் நின்ற பிள்ளையை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் வீட்டிலும் கதவோரம் ஒரு பிள்ளை நிற்கிறாளா? இன்று மாலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.